பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி

2008 ஜனவரி முதல் வாரம். புனேயில் நான் வேலை பார்த்துக் கொண்டிருந்த கிளையில் பென்ஷன் கவுண்ட்டர் பக்கம் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். கட்கி பக்கம் குடியிருக்கும் ஓர் அம்மா. வேலூர்க்காரர். கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர், காலமாகி வருஷங்கள் ஆகின்றன. குடும்ப பென்ஷன் வாங்குகிறார். டிசம்பர் மாதப் பணம் கணக்கில் ஏறவில்லை.

கவுண்ட்டரில் இருந்த மராத்திப் பையன், "லைஃப் சர்டிபிகேட் வரவில்லை" என்று பட்டியலைக் காட்டுகிறான். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"தம்பி, நவம்பர் பத்தாம் தேதி நானே வந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். நான் உசுரோட இருக்கேன்னு எத்தனை தடவைதான் வந்து சொல்றது?"

பென்ஷன் வாங்குபவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று தர வேண்டும். தராவிட்டால் பணம் நின்றுவிடும். எல்லோருக்கும் தெரிந்த நடைமுறைதான். நான் உடனே அந்தப் பையன்மேல் பாய்ந்தேன். "வாங்கி எங்கேயோ போட்டுவிட்டாய், என்ட்ரி போடவில்லை" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. ஃபைலைக் கொண்டுவந்து வைத்தான். அந்த அம்மாவின் சான்றிதழ் அதில் இருந்தது. என்ட்ரியும் இருந்தது.

அப்புறம்தான் "வரவில்லை" பட்டியலை முழுசாகப் படித்தேன். எம். என்று தொடங்கும் பெயர், எஸ். என்று தொடங்கும் பெயர், கே. என்று தொடங்கும் பெயர். தமிழர்கள், தெலுங்குக்காரர்கள், ஒரு சில மலையாளிகள். குல்கர்ணிகளும் பாட்டீல்களும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தார்கள். யாரோ வேண்டுமென்றே நம் ஆட்களைப் பொறுக்கி எடுத்து நிறுத்தியதுபோல இருந்தது. என் மனசில் கெட்ட எண்ணம் எல்லாம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

காரணம் மனிதர் யாரும் இல்லை. ஒரு புள்ளி. இனிஷியலுக்குப் பின்னால் நாம் வைக்கிறோமே, அந்தப் புள்ளி.

நான் பி.காம். படித்தவன், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. எங்கள் மண்டல அலுவலகத்தில் இருந்து வந்த ஓர் இளைஞர்தான் பொறுமையாக விளக்கினார். அதற்குப் பிறகு ஆர்வத்தில் நானே தேடித் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். வெளியூரில் இனிஷியலோடு வாழ்கிற நம் குடும்பங்களுக்குப் பயன்படலாம்.

வரிசை என்பது ஓர் ஒப்பந்தம்

எழுத்துகளுக்கு வரிசை பிறவியிலேயே உண்டு என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் சொற்களை அந்த வரிசையில் அடுக்கும் பழக்கம் நம்மிடமே வெகு தாமதமாக வந்ததுதான். திவாகரம், பிங்கலம் போன்ற நிகண்டுகள் பொருள்வாரியாகத் தொகுத்தவை. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று போகும். மனப்பாடம் செய்பவனுக்கு அது போதும். 1594ல் சிதம்பரம் ரேவண சித்தர் 'அகராதி நிகண்டு' செய்தபோதுதான் முதலெழுத்தை வைத்து அடுக்கும் முறை வந்தது. 1732ல் வீரமாமுனிவர் தந்த 'சதுரகராதி' இன்றைய அகராதியின் அமைப்புக்கு வழி போட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் உயிர், ஆய்தம், மெய், கடைசியில் ஜ, ஷ, ஸ, ஹ என்று நாம் பள்ளியில் பார்த்த வரிசை நிலைபெற்றுவிட்டது.

ஒவ்வொரு மொழிக்கும் இப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஜெர்மன்காரர் 'ஏ'யின் தலையில் இரண்டு புள்ளி வைத்தால் அதை 'ஏ' பக்கத்திலேயே தேடுவார். ஸ்வீடன்காரர் அதே எழுத்தை 'இஸட்'டுக்கும் பின்னால் தேடுவார். ஸ்பானிஷ் அகராதிகளில் 'சிஎச்' என்ற ஜோடி தனி எழுத்து. 'சி' சொற்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் சாக்லெட் வரும். 1994ல் ஸ்பானிஷ் மொழிக் கழகங்கள் கூடி இனி அடுக்கும்போது அதைத் தனியாகப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தன. எஸ்டோனிய மொழியில் 'இஸட்' கடைசி எழுத்தே அல்ல. 'எஸ்'ஸை அடுத்து வந்துவிடும். 'டி', 'யு', 'வி' எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மெஷினுக்குத் தெரிந்தது எண் மட்டும்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். எண்ணை ஒப்பிட்டு அடுக்குவது அதற்குச் சுலபம். 1963ல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற எண் பட்டியல் வந்தது; சின்ன எழுத்துகள் 1967 திருத்தத்தில் முறையாகச் சேர்ந்தன. இடைவெளிக்கு 32, புள்ளிக்கு 46, பூஜ்யத்துக்கு 48, பெரிய 'ஏ'வுக்கு 65, சின்ன 'ஏ'வுக்கு 97. ஆக முதலில் எண்கள், பிறகு பெரிய எழுத்துகள், பிறகு சின்ன எழுத்துகள். ஐபிஎம் நிறுவனம் 1964ல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளில் எப்சிடிக் என்று வேறொரு பட்டியல் வைத்திருந்தது. அதில் சின்ன எழுத்து முதலில், பெரிய எழுத்து அடுத்து, எண்கள் கடைசி. ஒரே ஃபைலை இரண்டு மெஷினில் அடுக்கினால் இரண்டு வரிசை. அந்தக் காலத்தில் இருந்தே இந்தத் தலைவலி உண்டு.

பெல் ஆய்வகத்தில் 1969ல் தொடங்கிய யூனிக்ஸ், ஆஸ்கி பக்கம் நின்றது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டுகிறோமே, அந்த ஷெல்லில் 'சார்ட்' என்று அடித்தால் ஆஸ்கி எண்படி அடுக்கித் தரும். ஆங்கிலேயருக்கே இது முழுத் திருப்தி இல்லை. அகராதியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்தா சொல் தேடுகிறோம்? பிரெஞ்சுக்காரர், ஸ்வீடன்காரர் நிலை இன்னும் மோசம்.

அதற்கு மருந்தாக வந்ததுதான் 'லொகேல்'. இந்த மெஷின் எந்த நாட்டு, எந்த மொழி வழக்கப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு. தேதி எப்படி எழுதுவது, பணத்துக்கு என்ன குறி, எழுத்துகளை எப்படி அடுக்குவது எல்லாம் அதில் அடக்கம். 1989ல் சி மொழிக்கு அமெரிக்கத் தரம் வந்தபோது லொகேல் அதில் இடம்பெற்றது. 1992ல் ஷெல் கட்டளைகளுக்கான போசிக்ஸ் தரம் வந்தபோது 'சார்ட்'டும் லொகேல் சொன்னபடி கேட்க வேண்டும் என்றானது. எந்த லொகேலும் வேண்டாம், பழையபடி எண் வரிசையே போதும் என்பவர்களுக்கு 'சி' என்ற பெயரில் ஒரு லொகேலும் வைத்தார்கள்.

இதை மாற்ற மூன்று சாவிகள். 'லாங்' என்பது பொதுவான வழக்கம். 'எல்சி_கொலேட்' என்பது அடுக்கும் வரிசைக்கு மட்டும். 'எல்சி_ஆல்' வைத்தால் மற்ற இரண்டும் செல்லாது. நம் பாஷையில் சொன்னால், கிளை வழக்கத்தை மண்டல அலுவலகக் கடிதம் மீறும், தலைமை அலுவலக சர்க்குலர் வந்தால் இரண்டும் மூட்டை கட்ட வேண்டியதுதான் :-)

பல தட்டுகளில் ஒப்பிடுவது

லொகேல்படி அடுக்குவது எப்படி? வவுச்சர் அடுக்குவதுபோலத்தான். முதலில் கணக்கு எண் பார்க்கிறோம். அது ஒன்றாக இருந்தால் தேதி. அதுவும் ஒன்று என்றால் தொகை. அதேபோல மெஷின் முதல் தட்டில் வெறும் எழுத்தை மட்டும் பார்க்கும். சமமாக இருந்தால்தான் எழுத்தின் மேலுள்ள குறிகள். அதுவும் சமம் என்றால் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா. இந்த முறையைக் கனடாவில், குறிப்பாக பிரெஞ்சு பேசும் க்யூபெக் பகுதியில், நிறையவே ஆராய்ந்தார்கள். யூனிகோட் அமைப்பும் தன் பங்குக்கு ஒரு வரிசை முறை வகுத்தது. 2001ல் ஐஎஸ்ஓ 14651 என்ற உலகத் தரமும் வந்தது. லினக்ஸ் மெஷின்களில் உள்ள ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம் இந்தத் தரத்தின் பட்டியலைத்தான் எடுத்துக்கொண்டது.

அந்தப் பழைய பட்டியலில் புள்ளி, இடைவெளி, இணைப்புக் கோடு இவற்றை முதல் தட்டுகளில் கண்டுகொள்வதே இல்லை. எழுத்துகள் எல்லாம் சமமாக இருந்தால் கடைசியில்தான் பார்க்கும்.

இங்கேதான் எங்கள் கதை. தலைமை இடத்தில் இருந்து வந்த பென்ஷன்தாரர் பட்டியல் 'சி' லொகேலில் அடுக்கியது. கிளையில் சான்றிதழ் தந்தவர்களின் பட்டியலை ஒருவர் பகலில் தன் டெர்மினலில் அடுக்கி வைத்தார். அந்த மெஷினின் லொகேல் இந்திய ஆங்கிலம். இரண்டையும் ஒப்பிட்டு யார் விடுபட்டார்கள் என்று சொல்லும் கட்டளைக்குப் பெயர் 'காம்'. (பி.காம். படித்தவனுக்கு இப்படி ஒரு சோதனை.) அது இரவில் தானாக ஓடும்படி வைக்கப்பட்டிருந்தது. இரவில் தானாக ஓடும் வேலைக்கு பகலில் நாம் வைத்த லொகேல் தெரியாது. அது 'சி'யில் ஓடியது.

உதாரணம் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பெயர்கள், 'ஏ. ராமன்', 'ஆனந்த்'. இரண்டுக்கும் முதலெழுத்து 'ஏ'. 'சி' வரிசையில் ராமனின் இரண்டாவது எழுத்து புள்ளி, எண் 46. ஆனந்துக்கு 'என்', எண் 78. அதனால் ராமன் முதலில். இந்திய ஆங்கில வரிசையில் புள்ளியும் இடைவெளியும் கணக்கில் இல்லை. 'ஏராமன்' என்று ஒட்டிப் படித்து 'ஏ, ஆர்' என்று எடுத்துக்கொள்ளும். 'ஏ, என்' என்ற ஆனந்த் முன்னால் போய்விடுவார்.

'காம்' கட்டளை இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவைதான் வரும். முதல் பட்டியலில் ராமன் நிற்கிறார், இரண்டாவதில் ஆனந்த் நிற்கிறார். "ராமன் ஆனந்துக்கு முன்னால் வர வேண்டியவர், இரண்டாவது பட்டியலில் அவர் வரவில்லை" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அடுத்து ஆனந்தும் ஆனந்தும் பொருந்துவார்கள். அதன் பிறகு இரண்டாவது பட்டியலில் ராமன் வந்தாலும் திரும்பிப் பார்க்காது. இனிஷியல் வைத்தவர்கள் இப்படித்தான் வரிசையாக விழுந்தார்கள். 'ராம் ஜோஷி' போன்ற ஓரிரு உள்ளூர்ப் பெயர்களும், 'ராமாகாந்த்' பக்கத்தில் இருந்ததால், இடைவெளியில் தடுக்கி விழுந்தன. எங்கள் மெஷினில் இருந்த பழைய 'காம்' எந்த எச்சரிக்கையும் தரவில்லை. பின்னால் வந்த பதிப்புகள் பட்டியல் வரிசையில் இல்லை என்று முனகவாவது செய்கின்றன.

திருத்தம் ஒரே ஒரு வரி. அடுக்கும் இடத்திலும் ஒப்பிடும் இடத்திலும் 'எல்சி_ஆல்' என்பதை 'சி' என்று வைத்தார் அந்த இளைஞர். "எது சரியான வரிசை என்பது பிரச்சினையே இல்லை சார், இரண்டு பக்கமும் ஒரே வரிசையாக இருக்கணும்" என்றார். ரீகன்சிலியேஷன் பார்த்த எனக்கு அது புரிந்தது.

உலகமே தடுக்கி விழுந்த இடம்

நாங்கள் மட்டும் விழவில்லை. 2002ல் ரெட் ஹேட் லினக்ஸ் 8.0 வந்தபோது யூடிஎஃப்-8 லொகேலே இயல்பாக அமைந்து வந்தது. பெரிய 'ஏ' முதல் பெரிய 'இஸட்' வரை தொடங்கும் ஃபைல்களை அழி என்று ஷெல்லில் கட்டளை கொடுத்தவர்கள் பலர், சின்ன எழுத்து ஃபைல்களும் சேர்ந்து போனதைப் பார்த்துத் திகைத்தார்கள். புது வரிசையில் சின்ன ஏ, பெரிய ஏ, சின்ன பி, பெரிய பி என்று மாறி மாறி வரும். பெரிய 'ஏ'வில் ஆரம்பித்துப் பெரிய 'இஸட்' வரை போனால் நடுவில் சின்ன 'பி' முதல் சின்ன 'இஸட்' வரை எல்லாம் அகப்படும். சின்ன 'ஏ' மட்டும் தப்பிக்கும். போசிக்ஸ், சாதாரண லொகேல்களில் இப்படி எழுத்து எல்லை குறிப்பதற்கு உறுதியான பொருள் கிடையாது என்று கைகழுவியது. 2019ல் வந்த பேஷ் 5.0 ஷெல், ஃபைல் பெயர் எல்லைகளைப் பழைய ஆஸ்கிப்படியே பார்ப்பதை இயல்பாக்கியது.

அடுத்தது 2018. ஜிலிப்சி 2.28 பதிப்பில் வரிசைப் பட்டியலை 14651ன் புதிய பதிப்புக்கு மாற்றினார்கள். '1-1', '11' என்ற இரண்டையும் அமெரிக்க ஆங்கில லொகேலில் அடுக்கினால் முன்பு '11' முதலில் வரும், இப்போது '1-1' முதலில் வரும். இதனால் என்ன குடிமுழுகிவிட்டது என்கிறீர்களா? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுதளம் அடுக்கி வைத்த இண்டெக்ஸை நம்பித்தான் தேடும். பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸில் புதிய வரிசைப்படி தேடினால், இருக்கிற பதிவையே இல்லை என்று சொல்லும். உலகம் முழுக்க மெஷினைப் புதுப்பித்தவர்கள் இண்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. கோடு போட்ட கணக்கு எண்களை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அந்த அம்மா முகம்தான் ஞாபகம் வந்தது.

தமிழுக்கு என்ன ஆயிற்று

இனிஷியல் பிரச்சினை ஆங்கிலப் பட்டியலில் வந்தது. தமிழிலேயே எழுதி அடுக்கினால்?

தொண்ணூறுகளின் எட்டு பிட் எழுத்துருக்களில் கொம்பு முன்னால் எழுதப்படும். 'கெ' என்பது கொம்பு, பிறகு 'க' என்று சேமிக்கப்பட்டதால், கொம்பு போட்ட சொற்கள் எல்லாம் ஒரே கூட்டமாகப் போய் நின்றன. 1991ல் வந்த யூனிகோட் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. ஆனால் அதன் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்த இஸ்கி அமைப்பைப் பின்பற்றியது. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லா மொழியிலும் ஒரே நாற்காலி. அதனால் 'ன' போய் 'ந' பக்கத்தில் உட்கார்ந்தது, 'ற' போய் 'ர' பக்கத்தில் உட்கார்ந்தது. 'ஜ' சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில்.

மணம், மரம், மலர், மழை, மனம். இது அகராதி வரிசை. 'சி' லொகேலில் அடுக்கிப் பாருங்கள். மனம் மட்டும் தாவி மணத்துக்கு அடுத்து வந்து நிற்கும்.

இன்னொன்று, மெய்யெழுத்தின் புள்ளி. நம் அகராதியில் 'க்' முதலில், பிறகு 'க'. அதனால் பக்கம் முன்னால், பகல் பின்னால். யூனிகோடில் புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் பகல் முன்னால் வந்துவிடும். ஹிந்தி அகராதியை எடுத்துப் பாருங்கள், 'கௌ' எல்லாம் முடிந்த பிறகுதான் 'க்யா' வரும். அவர்களுக்கு இந்த எண் வரிசை பொருந்துகிறது, நமக்குப் பொருந்தவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்ததன் விளைவு.

நல்ல வேளையாக, எண் வேறு, அடுக்கும் வரிசை வேறு என்பதுதான் லொகேலின் தத்துவம். யூனிகோடின் பொது வரிசைப் பட்டியலில் மெய்யெழுத்துகள் நம் க, ங, ச, ஞ வரிசையிலேயே இருக்கின்றன. மெய் முன்னால் வர வேண்டும் என்பதற்கு சிஎல்டிஆர் என்ற லொகேல் தொகுப்பில் தமிழுக்கென்று தனி விதி இருக்கிறது. 2010ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்த டேஸ்16 குறியீட்டில் எண் வரிசையே நம் எழுத்து வரிசைதான். ஆக வழி இருக்கிறது. பயன்படுத்துகிற மென்பொருள் அந்த விதியைக் கேட்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

கடைசியாக

அந்த வாரமே எல்லோருக்கும் பணம் ஏறியது. மராத்திப் பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றான், ஆனாலும் கொஞ்ச நாள் என்னோடு டீ குடிக்க வரவில்லை. நியாயம்தான்.

அந்த அம்மாவுக்குக் காரணத்தை எளிமையாகச் சொன்னேன். "உங்கள் பெயருக்கு முன்னால் உள்ள எழுத்தையும் புள்ளியையும் மெஷின் சரியாகப் படிக்கவில்லை அம்மா. வேண்டுமானால் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் மாற்றிவிடலாம், இனி தொந்தரவு இருக்காது" என்றேன்.

கொஞ்ச நேரம் பாஸ்புக்கையே பார்த்துக் கொண்டிருந்தார். "அது அவர் பேரு தம்பி. முன்னாலயே இருக்கட்டும். மெஷினைச் சரி பண்ணச் சொல்லுங்க" என்றார்.

சரி பண்ணிவிட்டோம். அடுத்த நவம்பரில் அவர் வந்து கையெழுத்துப் போட்டபோது, அன்றைக்கு இரவு ஓடிய பட்டியலை மறுநாள் காலை முதல் வேலையாக நானே எடுத்துப் பார்த்தேன். எம்., புள்ளி, பெயர். இருந்தது.

உங்கள் வீட்டில் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் இருந்தால், சான்றிதழ் கொடுத்ததற்கு ரசீது வாங்கி பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்று யாராவது சொன்னால், உடனே எதிரே இருப்பவர்மேல் பாயாதீர்கள். பட்டியலை எந்த வரிசையில் அடுக்கினார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.